மாத்திரை அட்டையின் சின்ன எழுத்து

அப்பா ரயில்வேயில் கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால்கூட எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்காமல் பெரம்பூர் வீட்டுக்குத் திரும்பமாட்டார். ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும் என்றால் தெருவில் பாதிப் பேர் அவரிடம்தான் வருவார்கள்.

போன வருடம் அவரை மூன்று நாள் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது ஆறு பக்க டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரு பை நிறைய புது மருந்துகளும் கொடுத்தார்கள். பழைய பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அதனால் அதையும் போட்டார், பையில் இருந்ததையும் போட்டார். பதினொரு நாளில் இரண்டு காலும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றியது. வயசாகிவிட்டது, வெயில் வேறு என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

கண்டுபிடித்தவர் எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர். இரண்டு அட்டைகளையும் வாங்குவதற்காக நீட்டியபோது பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஐயா, இது ரெண்டும் ஒரே மருந்துங்க. மேல போட்டிருக்கிற பேருதான் வேற. டாக்டருக்கு உடனே ஒரு போன் போட்டுக் கேளுங்க.”

பெரிய எழுத்தில் இருந்தது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்த எழுத்தில் இரண்டிலும் ஒரே வரி: அம்லோடிபின் 5 மி.கி. அப்பா தினமும் அதை இரட்டிப்பாகச் சாப்பிட்டிருக்கிறார். கால் வீக்கம் அந்த மருந்துக்குத் தெரிந்த பக்கவிளைவு. அளவு கூடினால் அதுவும் கூடும். டாக்டர் ஒன்றை நிறுத்தினார், வீக்கம் வடிந்தது. ஆனால் அப்பா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. “எனக்கா இங்கிலீஷ் தெரியாது?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எழுத்து தெரிந்த மனிதர், கணக்கு தெரிந்த மனிதர் எங்கே தடுக்கினார்? இதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் இதற்கென்று ஒரு பெயர் இருப்பது தெரிந்தது: ஹெல்த் லிட்ரசி. தமிழில் சுகாதார எழுத்தறிவு என்கிறார்கள். 1974இல் பள்ளிச் சுகாதாரக் கல்வி பற்றிய பேச்சில் புழக்கத்துக்கு வந்த சொல்.

எழுத்தறிவு வேறு, இது வேறு

2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 90 சதவீதம். ஏழு வயதுக்கு மேற்பட்ட ஒருவர் ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படித்து எழுதினால் கணக்கெடுப்பில் அவர் எழுத்தறிவு பெற்றவர். நல்ல எண்தான், பெருமைப்படலாம். ஆனால் பேருந்துப் பலகை படிக்கிற, தினத்தாள் படிக்கிற அந்தத் திறமை ஒரு லேப் ரிப்போர்ட்டின் முன்னால் எவ்வளவு தூரம் வரும்?

சுகாதார எழுத்தறிவு என்பது நான்கு வேலைகள் சேர்ந்தது. உடம்பு பற்றிய தகவல் எங்கே கிடைக்கும் என்று தெரிய வேண்டும். கிடைத்தது புரிய வேண்டும். அதை நம்பலாமா என்று எடைபோட வேண்டும். கடைசியில் அதை நம் வீட்டில், நம் சமையலில், நம் சம்பளத்துக்குள் செய்ய வேண்டும். நான்கில் ஒன்று அறுந்தால் மற்ற மூன்றும் வீணாகும். அப்பாவுக்கு இரண்டாவது அறுந்தது. என் நண்பன் ஒருவனுக்கு எல்லாம் புரியும். சர்க்கரைக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று பத்து நிமிடம் பேசுவான். ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது திறந்திருப்பது ஒரே ஒரு பரோட்டாக் கடை. அவனுக்கு அறுந்தது நான்காவது.

புரிந்துகொள்வதற்குள்ளேயே எத்தனை படி இருக்கிறது என்பதைக் காட்டிய ஒரு ஆய்வு உண்டு. 2006இல் அமெரிக்காவில் டெர்ரி டேவிஸ் என்ற ஆய்வாளரின் குழு 395 நோயாளிகளிடம் மருந்துப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் வரிகளைக் காட்டியது. ஒரு வரி இதுதான்: இரண்டு மாத்திரைகளை ஒரு நாளைக்கு இரண்டு முறை சாப்பிடவும். படிப்பறிவு குறைவாக இருந்தவர்களில் 71 சதவீதம் பேர் அதைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். ‘அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எடுத்துக் காட்டுங்கள்’ என்றபோது சரியாக நான்கை எடுத்து வைத்தவர்கள் 35 சதவீதம் பேர்தான். வாயால் சொன்னவர்களில் பாதிப் பேருக்குக் கை போகவில்லை.

நம் ஊர்ச் சீட்டில் இந்த வரி 1-0-1 என்று வரும். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. சிலர் 1-0-0-1 என்று நான்கு இடம் போடுவார்கள், இடையில் மாலைக்கும் ஒரு சுழி. எழுதுகிறவருக்கு அது சுவாசம் மாதிரி. முதல் முறை பார்க்கிறவருக்கு நூற்றி ஒன்றா, ஆயிரத்து ஒன்றா என்று தோன்றினால் அது அவர் தப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

எண்களிடம் தோற்கிறோம்

என் அனுபவத்தில் மக்கள் அதிகம் தடுக்குவது சொற்களில் இல்லை, எண்களில். சர்க்கரை நோயையே எடுத்துக்கொள்வோம். 2023இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அந்த ஆய்வை ஒருங்கிணைத்ததே சென்னையில் இருக்கும் ஒரு நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம். அதாவது இந்த ஊரில் சர்க்கரை ரிப்போர்ட் இல்லாத வீடு அபூர்வம். அந்த ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 என்று ஒரு எண் வரும், ஹெச்பிஏ1சி 6.5 என்று இன்னொரு எண் வரும். இரண்டுமே சர்க்கரை நோய் என்று சொல்ல ஆரம்பிக்கும் எல்லைகள். ஒன்று 126, மற்றது 6.5. சிறிய எண்ணைப் பார்த்தவர் ‘பரவாயில்லை, கம்மியாத்தான் இருக்கு’ என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்.

முதல் எண் அன்று காலையில் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்று சொல்கிறது. ஒரு போட்டோ மாதிரி. இரண்டாவது, கடந்த இரண்டு மூன்று மாதம் சர்க்கரை எப்படி இருந்தது என்பதன் சராசரியைச் சொல்கிறது. ரத்தச் சிவப்பணுக்களில் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும்; அந்த அணுக்கள் ஏறத்தாழ நான்கு மாதம் வாழும்; எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்று அளந்தால் பழைய கதை தெரிந்துவிடும். டெஸ்டுக்கு முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்து டாக்டரிடம் நல்ல பெயர் வாங்கப் பார்ப்பவர்களை இந்த இரண்டாவது எண் காட்டிக் கொடுத்துவிடும். ஒருமுறை இப்படிச் சொல்லிப் புரிந்தவர்கள் மறுபடி குழம்பி நான் பார்த்ததில்லை. இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடலாம். அந்த இரண்டு நிமிடம்தான் பல பேருக்குக் கிடைப்பதில்லை.

அளவுகளும் இப்படித்தான். தைராய்டு மாத்திரை மைக்ரோகிராமில் வரும், பிரஷர் மாத்திரை மில்லிகிராமில் வரும். ஆயிரம் மடங்கு வித்தியாசம், அட்டையில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். குழந்தைக்கு 5 மி.லி. சிரப் என்றால் நம் வீட்டு ஸ்பூன் எது? சாம்பார் கரண்டியைத் தவிர்த்தாலும் எவர்சில்வர் ஸ்பூனில் மூன்று அளவு இருக்கிறது. புட்டியோடு வரும் மூடியோ சிரிஞ்சோ மட்டும்தான் சரி. எல்லாவற்றிலும் எனக்குப் பயமானது மெத்தோட்ரெக்ஸேட். முடக்குவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை. அதைத் தினமும் போட்டு ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தானவர்களைப் பற்றி உலகம் முழுக்க மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. ‘வாரம்’ என்ற ஒரு சொல் காதில் விழவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

சொற்களும் சும்மா இல்லை. ‘நெகட்டிவ்’ என்று வந்தால் கெட்ட செய்தி என்று அழுதவர்களை லேப் வாசலில் பார்த்திருக்கிறேன். தேடிய கிருமி இல்லை என்று அர்த்தம், நல்ல செய்தி. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘அன்ரிமார்க்கபிள்’ என்று இருந்தால் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று பொருள்.

யாருக்கு அறியும் வாய்ப்பு அமைகிறது?

படிப்பு ஒரு காரணம், மறுக்கவில்லை. வயது ஒரு காரணம்: கண் மங்கும், காது மந்தமாகும், ஒரே நாளில் ஏழு மருந்து சேரும். ஆனால் படித்த நாடுகளிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. 2011இல் ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் கேட்டுப் பார்த்தபோது 47 சதவீதம் பேருக்குச் சுகாதார எழுத்தறிவு போதாமல் இருந்தது. 2003இல் அமெரிக்காவில் இதை அளந்தபோது நன்றாகத் தேறியவர்கள் வயதுவந்தோரில் 12 சதவீதம். பள்ளிக்கூடத்தை மட்டும் குறை சொன்னால் இந்த எண்கள் விளங்காது.

எங்கள் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வியாசர்பாடியில் இருக்கிறார். ஐந்தாவதோடு நின்றவர், இப்போது எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். பிரஷர், சர்க்கரை இரண்டும் உண்டு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் தன்னார்வலர் பெண்ணை அவர் லேசில் விடமாட்டார்.

“இரு கண்ணு, நான் சொல்றேன், தப்பா இருந்தா சொல்லு. இந்த வெள்ளை, காலைல சோத்துக்கு அப்பால. இந்தச் சின்னது, ராவுக்கு. மறந்துட்டா அடுத்த வேளைக்கு ரெண்டா போடக்கூடாது. சரியா?”

அத்தைக்குத் தெரியாது, உலகம் முழுவதும் மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் இதைத்தான் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்டதை நோயாளி தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வைப்பது. ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். டாக்டர் சொன்னதில் நிறைய வாசல் தாண்டுவதற்குள் மறந்துபோவது மனித இயல்பு. பயந்திருக்கும்போது இன்னும் அதிகம். திருப்பிச் சொல்லும்போதுதான் ஓட்டை எங்கே என்று இருவருக்குமே தெரியும்.

ஆக, பி.காம். படித்த அப்பா தடுக்கிய இடத்தில் ஐந்தாவது படித்த அத்தை தாண்டிப் போகிறார். அவருக்குக் கேட்கக் கூச்சமில்லை. கேட்க ஒரு ஆளும் இருக்கிறது, அந்த ஆளுக்கு நேரமும் இருக்கிறது. அப்பா இதே கேள்வியைக் கேட்டிருந்தால் ‘படிச்சவர்தானே சார், சம்மரில எல்லாம் இருக்கு’ என்று பதில் வந்திருக்கும். படித்தவர் என்பதாலேயே கேட்க முடியாமல் போகிற நிலைமை நம் ஊரில் பரவலாக இருக்கிறது. டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். பெண்கள் நிலைமை இன்னும் மோசம்; அவர்கள் உடம்பைப் பற்றி உடன்வந்த மகனோ கணவரோதான் பதில் சொல்கிறார், ஃபைலும் அவர் கட்டைப்பையில்தான் இருக்கிறது.

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஜி.எச்.சுக்குக் காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். 1664இல் தொடங்கிய மருத்துவமனை. அரக்கோணம், திருவள்ளூர் பக்கமிருந்து மின்சார ரயிலில் வந்து இறங்குகிறார்கள், ஆந்திராவிலிருந்தும் வருகிறார்கள். தமிழ், தெலுங்கு, உருது, கட்டட வேலைக்கு வந்தவர்களின் இந்தி, ஒடியா. ஓ.பி. சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒன்று, ரத்தம் கொடுக்க ஒன்று, மாத்திரை வாங்க ஒன்று. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர், பின்னால் நூறு பேர் நிற்கும்போது எந்தச் சந்தேகத்தைக் கேட்பார்? டாக்டரும் பாவம், அத்தனை பேரையும் மதியத்துக்குள் பார்த்தாக வேண்டும். எந்த எண் அறை எங்கே என்று தெரிவதும் சுகாதார எழுத்தறிவில் சேரும். அம்புக்குறி தெளிவாக இருந்தால் அந்த அறிவு எல்லோருக்கும் வந்துவிடும், இல்லாவிட்டால் யாருக்கும் வராது.

இதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. இந்த எழுத்தறிவு நோயாளியின் தலைக்குள் மட்டும் இருப்பதில்லை. பாதி எதிரில் இருக்கும் சீட்டில், அட்டையில், பலகையில், பேசுகிறவரின் வாயில் இருக்கிறது. ‘மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று சொல்லிக் கைகழுவும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஆறு பக்கச் சம்மரியின் மேல் ‘பழைய பிரஷர் மாத்திரையை நிறுத்தவும்’ என்று தமிழில் ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

சட்டமும் விதியும் கொஞ்சம் நம் பக்கம் வந்திருக்கின்றன. மருந்தின் மூலப்பெயரை, அதாவது கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை, முடிந்தவரை ஆங்கில கேப்பிடல் எழுத்துகளில், தெளிவாக எழுத வேண்டும் என்று 2016இல் மருத்துவர்களுக்கான நெறிமுறையில் திருத்தம் வந்தது. 2023 ஆகஸ்டிலிருந்து அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் உறையில் பார்கோடோ க்யூஆர் கோடோ கட்டாயம். அறுவை சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து வாங்குமுன் என்ன செய்யப் போகிறார்கள், வேறு வழி உண்டா, ஆபத்து என்ன என்று சொல்ல வேண்டும் என்று 2008இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆங்கிலப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட யாரும் நம்மை அவசரப்படுத்த முடியாது, உயிர் போகிற அவசரம் தவிர.

எடைபோடுவது

மூன்றாவது வேலையான எடைபோடுவதுதான் இன்று மிகக் கடினம். காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் ‘சர்க்கரை நோயாளிகளுக்கு நற்செய்தி’ வந்துவிடுகிறது. நாட்டுச் சர்க்கரையும் பனங்கருப்பட்டியும் சாப்பிடலாம் என்பார்கள். அவையும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். நிறம் பழுப்பாக இருப்பதால் உடம்பு ஏமாறாது. இப்படிப்பட்ட செய்தி வந்தால் நான் மூன்றைப் பார்ப்பேன். யார் சொல்கிறார், பெயர் இருக்கிறதா? எதையாவது விற்கிறாரா? டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்கிறாரா? மூன்றாவதுக்கு ஆமாம் என்றால் அங்கேயே மூடிவிடலாம்.

இன்னொன்று, இது உயிர் விஷயம். நெஞ்சில் வலி வந்தால் ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கும் வழக்கம் இந்த ஊரில் எவ்வளவு பேரைக் கொண்டுபோயிருக்கிறது! நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் 108. முகம் ஒரு பக்கம் கோணி, கை தூக்க முடியாமல், பேச்சுக் குழறினாலும் அதேதான். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அவசரமில்லாத சந்தேகத்துக்கு 104 என்ற சுகாதார உதவி எண் இருக்கிறது, தமிழில் கேட்கலாம்.

மாத்திரை அட்டையைப் பற்றி நான் கற்றுக்கொண்டதையும் எழுதிவிடுகிறேன். பிராண்ட் பெயருக்குக் கீழே இருக்கும் மூலப்பெயரைப் படியுங்கள். காய்ச்சல் மாத்திரைகளில் பல பெயர்களுக்குப் பின்னால் இருப்பது ஒரே பாராசிட்டமால்தான், ஜலதோஷ மாத்திரைக்குள்ளும் அது ஒளிந்திருக்கும். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருந்தால் மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரை, பொடித்துக் கொடுக்காதீர்கள். அட்டையின் ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாதது. கடைக்காரர் கத்தரித்துக் கொடுக்கும்போது காலாவதித் தேதி இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். நிறத்தை வைத்து அடையாளம் வைக்காதீர்கள். அரசு மருத்துவமனையிலும் சரி, கடையிலும் சரி, கம்பெனி மாறினால் மஞ்சள் வெள்ளையாகிவிடும். இது அத்தைக்கே நடந்தது, நல்லவேளை கேட்டுவிட்டார்.

இப்போது எங்கள் வீட்டு பீரோ கதவில் அப்பா கோடு போட்ட ஒரு பேரேட்டுத் தாள் ஒட்டியிருக்கிறது. மூலப்பெயர், அளவு, எந்த வேளை, எப்போது ஆரம்பித்தது, யார் சொன்னது, எதற்கு என்று ஆறு பத்தி. டாக்டரிடம் போகும்போது அதன் நகல் சட்டைப்பையில் போகும். அத்தைக்கும் ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறார். அதில் எழுத்துக்குப் பதிலாகக் காலி அட்டையிலிருந்து வெட்டிய துண்டும், சூரியன், நிலா படமும் இருக்கின்றன. அப்பாவின் தாளில் ஆறாவது மருந்துக்கு நேராக ‘எதற்கு’ என்ற கட்டம் மட்டும் இன்னும் காலி. பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார், அடுத்த செவ்வாய்க்கிழமை போகும்போது கேட்க.